ஐந்து கதவும் ஒரு கேட்டும்

விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? வாருங்கள். செருப்பு அங்கேயே இருக்கட்டும். உள்ளே வருவதற்கு முன்னால் அந்தக் கதவை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். தள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. சத்தம் வந்ததா? வராது. முழுக்கத் திறந்து மூடுங்கள். வராது. இந்த வீட்டில் ஐந்து கதவும் ஒரு கேட்டும் இப்படித்தான். ஆறாவது கதவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உட்காருங்கள்.

பொள்ளாச்சியா? பெண்ணைப் பெற்றவர் நீங்களேதானா? நல்லது. தரகன் சொன்னதை நம்பாமல் பஸ் ஏறி வந்தீர்களே, இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். பக்கத்து வீட்டுப் பூபதிக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா கூடாதா, அதுதானே? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அவனைப் பற்றி அவனைப் பெற்றவளுக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். நடுவில் ஒரே சுவர். காலனி கட்டிய கான்ட்ராக்டர் பிளானில் ஒன்பது அங்குலம் என்று காட்டிவிட்டு நாலரை அங்குலத்தில் எழுப்பிவிட்டுப் போனான். அங்கே தும்மினால் இங்கே ஜலதோஷம் பிடிக்கும்.

என் பெயர் வெள்ளிங்கிரி. உடுமலையில் மில்லுக்கார மேஸ்திரி என்று கேட்டால் சொல்வார்கள். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர்டு ஆகிப் பதினாறு வருஷம் ஆகிறது. நூல் நூற்கிற கதிர் மட்டும் நாற்பதாயிரம் ஓடுகிற மில். அத்தனை சத்தத்திலும் ஒரு பேரிங் காய்ந்து முனகினால் எனக்குக் கேட்டுவிடும். மேனேஜர் ஆச்சரியப்படுவார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? காது இருக்கிறது, கேட்கிறது. மற்றவர்களுக்கும்தான் காது இருக்கிறது, கம்மல் மாட்டுவதற்கு.

இந்தக் கதவு விஷயத்தைச் சொன்னால் பையன் விஷயம் தானாகத் தெரிந்துவிடும். கேளுங்கள்.

கீலுக்கு எண்ணெய் போடுவது என்றால் ஊரில் என்ன நினைக்கிறார்கள்? சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை ஒரு கரண்டி எடுத்து வந்து மேலிருந்து ஊற்றுவது. அன்றைக்குச் சத்தம் நிற்கும். மறுவாரம் தூசி அப்பும். அதற்கடுத்த வாரம் எறும்பு வரிசை கட்டும். பிறகு கதவு முன்னைவிடக் கத்தும். இன்னொரு கூட்டம் இருக்கிறது, டப்பா வாங்கி வந்து சாமி அறையில் சென்ட் அடிப்பது மாதிரி அடிக்கிற கூட்டம். சுவரெல்லாம் கறை. கீலுக்குள் ஒரு சொட்டுப் போயிருக்காது.

நான் செய்வதைச் சொல்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை. கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். கீலின் நடு ஆணியை அடியிலிருந்து தட்டி உருவ வேண்டும். மண்ணெண்ணெய்த் துணியால் ஆணியையும் துளையையும் துடைக்க வேண்டும். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. மூன்று இல்லை, இரண்டு. ஆணியைத் திரும்ப இறக்கிக் கதவைப் பத்துத் தடவை ஆட்டி, கசிந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஒரு கீல் முடிந்த பிறகுதான் அடுத்த கீல். கதவுக்கு மூன்று கீல். முப்பத்தொரு வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. என் மனைவி ராஜம்மாள் காலமான மாதம்கூட ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டேன்.

இப்போது அந்த வீட்டுக்கு வருவோம். தாயும் மகனும் குடிவந்து மூன்று வருஷம். பையனுக்கு என்ன வேலை? காற்றாலைக் கம்பெனியில் டெக்னீசியன். இருநூற்றைம்பது அடி ஏணியில் ஏறி, மேலே இருக்கிற பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கிறவன். கிரீஸ்தான் அவன் பிழைப்பு. அவன் வீட்டுக் கதவு கத்துகிறது. ஒன்றல்ல, நாலு கதவு. நாலும் நாலு குரல். பின்கதவு பூனை மாதிரி. பாத்ரூம் கதவு, குழந்தைக்கு வயிற்றுவலி வந்த மாதிரி. முன்கதவைச் சொல்லவே வேண்டாம். பெண் வீட்டார் வந்து அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே காலெடுத்து வைக்கத் தோன்றுமா? இதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போனது. காரணம் வேறு என்ன இருக்கப் போகிறது?

வந்த புதிதிலேயே கேட்டேன். "ஏம்ப்பா பூபதி, ஊர்க் காத்தாடிக்கெல்லாம் கிரீஸ் வெக்கறயே, ஊட்டுக் கதவு இப்படிக் கத்துதே, வெக்கமா இல்லையா?" என்றேன்.

என்ன சொன்னான் தெரியுமா? "காத்தாடிக்கு வெச்சா கம்பெனி சம்பளம் குடுக்குதுங்கய்யா. கதவுக்கு வெச்சா எங்கம்மா ஒரு டம்ளர் காப்பித்தண்ணிதானுங்க குடுப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். பொறுப்பு அவ்வளவுதான்.

சத்தத்தை வைத்தே அந்த வீட்டில் நடப்பதெல்லாம் சொல்லிவிடுவேன். காலை நாலே முக்காலுக்குப் பின்கதவு. தாய் தெய்வானை வாசல் தெளிக்கப் பின்னால் தண்ணீர் எடுக்கிறாள். ஐந்தே காலுக்கு மறுபடி பின்கதவு. மகன் எழுந்து, அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிக்கொள்கிறான், "நீ போம்மா, இடுப்பு வலின்னு சொன்னயில்ல" என்று. அது எதற்கு எனக்கு? விடிவதற்கு முன்னால் நான் ஏன் அதைக் கேட்க வேண்டும்? ராத்திரி எட்டரைக்குள் முன்கதவு. மூன்று வருஷத்தில் அது எட்டரையைத் தாண்டியது நாலு தடவை. நாலும் ஷிப்ட் மாற்றம். அதன் பிறகு சமையலறைக் கதவு. தட்டைக் கழுவுகிறவன் அவன். ஆம்பிளைப் பிள்ளை தட்டுக் கழுவுகிறான், பொள்ளாச்சிக்காரரே. குடிச் சத்தமா, சண்டைச் சத்தமா, எதுவும் இல்லை. கதவுச் சத்தம் மட்டும்தான். அந்த ஒன்றுக்காவது வெட்கப்பட வேண்டாமா?

போன ஐப்பசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆயில் கேனையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஐயோ, நீங்க போயி குனிஞ்சு நிமுந்துட்டு. பூபதி வரட்டுங்க, அவன் பாத்துக்குவான்" என்கிறாள். மூன்று வருஷம் பார்த்தானே, போதாதா? நாலு கதவு, பன்னிரண்டு கீல். ஆணிகளைப் பார்த்திருக்க வேண்டுமே! துருப்பிடித்து, மேலே தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒரு பல்லி முட்டை. இரண்டு மணி நேரம் ஆனது. முடித்ததும் பணியாரமும் காப்பியும் கொடுத்தாள். பணியாரத்தில் ஏலக்காய் தூக்கல். காப்பி பரவாயில்லை. மிச்சப் பணியாரத்தை வாழை இலையில் கட்டிக் கொடுத்துவிட்டாள், சாயந்திரத்துக்கு ஆகும் என்று. வீட்டில் பாத்திரம் இல்லை போலிருக்கிறது.

அதிலிருந்து பத்து நாள் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. எனக்குத்தான் அந்தப் பத்து நாளும் தூக்கம் வரவில்லை. நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே கிடப்பேன். புழுக்கம். ஆமாம், ஐப்பசி மழைதான், விடாமல் பெய்தது. மழையில் வருகிற புழுக்கம் உங்களுக்குத் தெரியாதா?

கார்த்திகை முதல் சனிக்கிழமை. காலை ஆறு மணி. என் பாத்ரூம் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அடிக்கீலில் இரண்டு சொட்டுத்தான் விட்டேன். டைல்ஸில் எப்படியோ கொஞ்சம் சிந்தியிருக்கிறது. இந்தக் காலத்து ஆயில் கேன், மூக்கே ஒழுங்காக இல்லை. டைல்ஸ் ஒட்டியவனும் கண்ணாடி மாதிரி ஒட்டி வைத்திருக்கிறான். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். அவ்வளவுதான். இடது தொடை எலும்பு.

கூப்பிட்டேன். மழைச் சத்தம். அப்புறம் கூப்பிடவில்லை. இடுப்பில் துண்டோடு கிடக்கிற மனிதன் எத்தனை தடவை கூப்பிடுவான்? நாலு மணி நேரம். அங்கே ஏதாவது கதவு அசைகிறதா என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் வேலை அப்படி.

பத்து மணிக்குப் பூபதி ஷிப்டுக்குக் கிளம்பியிருக்கிறான். என் கேட்டுக்குள் பேப்பர் நனைந்து கிடந்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பேப்பரை இவன் ஏன் பார்க்கிறான்? கேட்டால், "ஆறு மணிக்கு மேல உங்க பேப்பர் அங்க கெடந்து நான் பாத்ததே இல்லீங்களே" என்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான். பின்னால் சுற்றி வந்திருக்கிறான். என் பின்கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு, கீல் வெளியே இருக்கும். வேறு வீடாக இருந்தால் கதவை உடைக்கத்தான் வேண்டும். என் கதவு என்பதால், ஆணியை அடியிலிருந்து ஒரு கல்லால் தட்டியிருக்கிறான், வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டது. மூன்று ஆணி, ஒரு நிமிஷம். கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். டாக்டர் சொன்னார், இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சிக்கல் என்று. ஆக, என்னைக் காப்பாற்றியது எது? எண்ணெய். நான் போட்ட எண்ணெய்.

அவன் என்ன செய்தான்? நடுக் கீலின் ஆணியை வளைத்துவிட்டான். கல்லால் தட்டினால் வளையாதா? சுத்தியல் எடுத்துவர எவ்வளவு நேரமாகும்? ஆம்புலன்ஸில் என்னைத் தூக்கி வைக்கும்போதே சொன்னேன். "நடுக்கீல் ஆணி வளஞ்சிருக்குது, பாத்துக்க" என்றேன். "பாத்துக்கறனுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்துகிறான். கிரீஸ் நாற்றம்.

மகனா? இருக்கிறானே. முரளி, பெங்களூரில் பெரிய வேலை. அன்றைக்கே போன் செய்துவிட்டான். ஏதோ மீட்டிங், பாதியில் எழுந்து போய்ப் பேசினான். நல்ல ஆஸ்பத்திரியா, நல்ல டாக்டரா, எல்லாம் விசாரித்தான். அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டான். அப்படி ஒரு பிள்ளை கிடைக்க வேண்டும். பொங்கலுக்கு வருகிறேன் என்றான், லீவு கிடைக்கவில்லை. எனக்குப் புரியாதா? பூபதி மாதிரி, நினைத்தபோது ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் பன்னிரண்டு நாள் படுத்துக்கிடக்கிற வேலையா அது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். மறுநாள் காலை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் கதவைத் திறக்கிறேன். கிரீச்.

என் வீட்டில்! முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக! கேட்டீர்களா, பொள்ளாச்சிக்காரரே? நான் இல்லாதபோது தெய்வானையம்மாள் வீட்டைக் கழுவி வைத்திருந்தாள். கழுவச் சொன்னது யார்? போகட்டும், தெரியாமல் சோப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி கிரீச். மறுபடி எண்ணெய். மறுபடி கிரீச். ஆணியைத் தொட்டால் எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது. எண்ணெய்க் கடைக்காரனிடம் சண்டைக்குப் போயிருப்பேன், கால்தான் விடவில்லை.

பிறகுதான் பிடித்தேன். இந்தப் பூபதி தினமும் காலையில் வருவான். "ஐயா, பேப்பர் வந்துருச்சுங்களா?" சம்பளம் வாங்குகிறவன், ஒரு பேப்பர் வாங்கக் கணக்குப் பார்க்கிறான். சரி என்று கொடுத்தால் படிக்கவும் மாட்டான். என்னை ஒரு பார்வை, காலை ஒரு பார்வை, அடுப்பில் ஏதாவது இருக்கிறதா என்று சமையலறையை ஒரு பார்வை. தலைப்பைக்கூடப் பார்க்காமல் பேப்பரை மடித்து வைத்துவிடுவான். ஒரு நாள் தலைகீழாகப் பிடித்திருந்தான். "கை கழுவிக்கறனுங்க" என்று பாத்ரூம் பக்கம் போனான். பின்னாலேயே போனேன். ஆணியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான்!

"என்னடா பண்றே?" என்றேன்.

திருட்டு முழி. "துரு புடிச்சிருந்துச்சுங்கய்யா. தொடச்சேன்."

"தொடச்சா எண்ணெய் உடணுமல்லோ?"

"மறந்துட்டனுங்க."

மறக்கிறானாம்! காற்றாலையில் இப்படி மறந்தால் ஊரே இருட்டாகிவிடாதா? எனக்குப் புரிந்துவிட்டது. பொறாமை. தன் வீட்டுக் கதவை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியாதவனுக்கு அடுத்த வீடு அமைதியாக இருப்பது பொறுக்கவில்லை. அவர்கள் கதவுகளும் மார்கழியோடு பழையபடி கத்த ஆரம்பித்துவிட்டன. நான் போட்டுக் கொடுத்த எண்ணெயைக் காப்பாற்றத் துப்பில்லை.

தாய் அதற்கு மேல். காலை ஐந்தரைக்கு நான் பாத்ரூம் கதவைத் திறந்தால் போதும், கிரீச் என்ற சத்தம் அடங்குவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "ஏனுங்கய்யா, எந்திரிச்சாச்சுங்களா?" ஒட்டுக் கேட்கிற புத்தி. நான் எந்திரித்தால் என்ன, எந்திரிக்காவிட்டால் என்ன? பதில் சொல்லாவிட்டால் இன்னொரு தடவை கேட்பாள். "ம்" என்றால்தான் விடுவாள். போன வாரம் ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன், ஆறரை ஆகிவிட்டது. கண்ணைத் திறக்கிறேன், பின்கட்டில் தொப்பென்று சத்தம். பூபதி மதில் ஏறிக் குதித்திருக்கிறான். வாயில் பல் துலக்குகிற பிரஷ், முழங்காலில் சிராய்ப்பு.

"என்னடா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. பந்து உழுந்துருச்சுங்க."

இருபத்தொன்பது வயசு. பந்து. அந்த வீட்டில் பந்து விளையாடக் குழந்தை ஏது? பந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே ஏறிப் போய்விட்டான். இப்படிப்பட்டவன் கையிலா பெண்ணைப் பிடித்துக் கொடுக்கப் போகிறீர்கள்?

அந்தப் பாத்ரூம் கதவுதான் ஆறாவது கதவு. இன்றைக்கும் கத்துகிறது. எண்ணெய் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறேன். உங்களைப் போல நாலு பேர் விசாரிக்க வந்தால் அத்தாட்சி காட்ட வேண்டாமா? வாருங்கள், காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

என்ன? கேளுங்கள், கேளுங்கள். நான் மட்டும்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியா? பொள்ளாச்சியில் உங்கள் மாடி காலியாக இருக்கிறதா? மூன்று ரூம், தனிப் படிக்கட்டு? தாயையும் மகனையும் அங்கேயே வந்து இருக்கச் சொன்னீர்களா? வாடகைகூட வேண்டாம் என்றீர்களா? ரொம்பத் தாராளம். இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள்? அங்கிருந்து அவன் வேலைக்குப் போகிற தூரமும் ஒன்றுதான். வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டிருப்பானே.

மாட்டேன் என்றானா?

இதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தமும் இதனால்தான் நின்றதா? இங்கேயேதான் இருப்பேன், பெண் இங்கே வருவதானால் வரட்டும் என்றானா? எவ்வளவு திமிர் பாருங்கள். கத்துகிற நாலு கதவை வைத்துக்கொண்டு! காரணம் என்ன சொன்னான்?

பெரியவரா? எந்தப் பெரியவர்?

பக்கத்தில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார், பார்க்க ஆளில்லை, அவரை விட்டுவிட்டு வர முடியாது. இப்படியா சொன்னான்? அவன் வாயாலா? அந்த அம்மாளும் ஆமாம் என்றாளா? இருங்கள், இருங்கள். அந்தப் பெரியவர் யார் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நீங்கள் பஸ் ஏறி வந்தீர்களா? நல்லவேளை, என்னிடம் வந்தீர்கள்.

அவர்களுக்கு அந்தப் பக்கத்து வீடு சபாபதி. தாலுகா ஆபீஸில் இருந்தவர். அறுபத்தெட்டு வயசு, பழுத்த கிழம், நடையே தள்ளாட்டம். ஆனால் மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரன்கள் எல்லாரும் கூடவே இருக்கிறார்கள். அவர் இல்லை. எதிர் வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதற்கடுத்தது ஒரு டீச்சரம்மா, நாற்பது வயசுகூட இருக்காது. கடைசி வீட்டில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பின்னால் தென்னந்தோப்பு. இந்தப் பக்கம் இந்த வீடு, என் வீடு. தீர்ந்தது வரிசை.

பெரியவரும் இல்லை, சின்னவரும் இல்லை. பார்த்தீர்களா? பொய். பெண் கொடுக்க வந்தவரிடமே வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். முப்பத்தொரு வருஷமாக இங்கே இருக்கிறேன், பார்க்க ஆளில்லாத ஒரு கிழவன் இந்த வரிசையில் இருந்தால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? மணி பதினொன்றுகூட ஆகவில்லை, உங்கள் பஸ் பன்னிரண்டேகாலுக்குத்தான். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள். தெய்வானையம்மாள் பிளாஸ்கில் ஊற்றி வைத்தது, சூடு இருக்கும். வேண்டாமா? கையை ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்? நான் நடப்பேன், கேட் வரைக்கும் நானே வருவேன். விடுங்கள்.

பார்த்து இறங்குங்கள். அங்கே இல்லை, பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம், பொள்ளாச்சிக்காரரே! அது அவர்கள் வீடு! இவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சொன்னேனே, ஒன்றுகூடவா உங்கள் காதில் விழவில்லை?